சும்மா கேட்டது

செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில்
எங்கள் டிராவல்ஸ்.
மேசை இரண்டு, கம்ப்யூட்டர் ஒன்று,
விமானக் கம்பெனி கொடுத்த போன வருடக் காலண்டர்.
டிசம்பரை மட்டும் கழற்ற மனமில்லை.
படத்தில் பனி.

மாசி பிறந்த மறுநாள்
பிராகிலிருந்து வயிரவன் கூப்பிட்டார்.
பதினேழாம் தேதி காரைக்குடியில் பத்திரப் பதிவு,
திருச்சிக்கு ஒரு டிக்கெட்.
"தம்பி வர்ற பிளைட் மட்டும் வேண்டாம்."

அரை மணி கழித்து அதே தொண்டைச் செருமல்.
எதையோ மறந்து மறுபடி கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.
இது டப்ளினிலிருந்து தேனப்பன்.
தேதி அதேதான்.
"அண்ணன் வர்ற பிளைட் மட்டும்..."
போட்டுக்கிறேன் சார், என்றேன்.

ஒருவரைத் துபாய் வழியாகத் திருப்பினேன்,
மற்றவரைக் கொழும்பு வழியாக.
ஒருவர் இறங்கியது விடியற்காலை,
மற்றவர் விளக்கு வைத்த பிறகு.
காருக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை,
இரண்டு நடையும் செபஸ்தியான்தான் போனான்.
இரண்டு பேருமே கீரனூரில் டீ வேண்டாம் என்றார்களாம்.
இரண்டு பேருமே
திருமயம் கோட்டை தெரிந்ததும்
ஏசியை அணைக்கச் சொல்லிக்
கண்ணாடியை இறக்கினார்களாம்.

பதிவு அலுவலகத்தில்
ஆளுக்கொரு பெருவிரல், ஆளுக்கொரு போட்டோ.
பதினோரு நிமிடம்.
பள்ளத்தூர் வீடு வேறு யாருக்கோ ஆனது.

மறுநாள் வயிரவன் மாடியேறி வந்தார்,
தேதி மாற்றிய பாக்கியைக் கொடுக்க.
சில்லறை எண்ணும்போது காலண்டரைப் பார்த்து,
"இது எங்க ஊர்ப் பாலம் இல்ல," என்றார்.
பிறகு, பர்ஸை மூடிக்கொண்டே,
"பிராக்லேர்ந்து டப்ளின் எவ்வளவு தூரம் இருக்கும், பரிதா?"

ஒன்பது வருடம் அங்கே இருப்பவர்
கேட்கிறார்.
இதுவரை விமானம் ஏறாதவள்
சொல்கிறேன்:
நேர்கோட்டில் ஆயிரத்து நானூற்று அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
பறக்கிற நேரம் இரண்டரை மணி.

"அவ்வளவுதானா?"

பல்லவனில் சென்னைக்குப் போகும் நேரத்தில்
அங்கே போய், சாப்பிட்டு, திரும்பியும் விடலாம், சார்.

அவர் சிரிக்கவில்லை.
நான்தான் நிறுத்தாமல் பேசினேன்.
டப்ளின் கடிகாரம் ஒரு மணி பின்னால்.
பத்தரைக்கு நீங்கள் ஏறினால்
இறங்கும்போது அங்கே பன்னிரண்டுதான்.
ஒரு மணி நேரம் கையில் திரும்பி வரும்.
அவர் கிளம்பி வந்தால்
அந்த ஒரு மணி அவர் கையைவிட்டுப் போகும்.
யார் முதலில் போவது என்பதில்
இவ்வளவு கணக்கு இருப்பது
வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"சும்மாதான் கேட்டேன்," என்றார்.
படியிறங்கும் சத்தம்
பாதியில் ஒரு தடவை நின்றது.

இந்த ஊரில் கோயில் வரிக்கு
மணமானவர்களைப் புள்ளி என்று எண்ணுவார்கள்.
அந்த வீட்டுக்கு இரண்டு புள்ளி.
திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கினேன்,
அங்கேயும் இரண்டே புள்ளி,
நடுவில் கொஞ்சம் வில்லாய் வளைந்த கோடு.
நேர்கோடு என்று சொல்லியிருந்தேன்.
பூமி உருண்டை என்பதால்
வளைந்து கொடுத்தால்தான் தூரம் குறையுமாம்.

அவர் பாஸ்போர்ட் எண் என்னிடம் இருக்கிறது.
காசு கட்டாமல்
மறுநாள் மாலைவரை ஓர் இருக்கையைப் பிடித்து வைக்கலாம்.
எங்கள் முதலாளிக்குத் தெரிய வேண்டாம்.
பெயர் அடித்தேன். தேதி, ஏதோ ஒரு சனிக்கிழமை.
ஜன்னலோரம்.

ஒருவழியா, போக வரவா
என்று கேட்டது திரை.

அதை நான் எப்படிச் சொல்ல?

கீழே யாரோ பத்திரத்துக்கு நகல் எடுக்கிறார்கள்.
படிக்கட்டு இடுக்கில்
பச்சை வெளிச்சம்
அந்தக் கோடிவரை போய்
திரும்பி வருகிறது.